வயிற்றுக்கு வைத்த ஜெபம்

"ஜெப விண்ணப்பம்: கடுமையான வயிற்றுப்புண்ணால் வேதனைப்படும் நம் சபையின் வயலின் தம்பி பூரண சுகம் பெற." எங்கள் சித்தூர் சபையின் ஞாயிறு அறிக்கைத் தாளில், அறிவிப்புகளுக்குக் கீழே, கடைசிக்கு முந்தைய வரியாக இது அச்சாகியிருக்கிறது. தாளின் தலைப்பில் 'லெந்து காலம், மூன்றாம் ஞாயிறு' என்று போட்டிருக்கிறது; ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் உபவாச காலம் அது. வயலின் தம்பி நான்தான். சபையின் பழைய தாள்களை ஆண்டுவாரியாக அடுக்கிக் கட்டும் வேலையைச் சில காலமாக ஓய்வு நேரத்தில் செய்துவருகிறேன். தேதி கிழிந்துபோன தாள்களுக்குப் பண்டிகைகளையும் அடக்க ஆராதனைகளையும் வைத்துத் தேதி கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். இந்தத் தாளுக்கு அந்தச் சிரமம் இல்லை. இதில் தேதி ஒன்றுதான் சரி. எனக்கு வயிற்றில் புண் இருந்ததே இல்லை. ஆனாலும் அந்த லெந்து காலத்தின் மிச்ச நாட்களிலும், ஈஸ்டர் கழிந்து மாங்காய் சீசன் பாதி தாண்டும்வரையும், சபை என் வயிற்றுக்காக ஜெபித்தது. அந்த வரியைக் கொடுத்தவள் என் அத்தை.

அத்தை என்றால் நைனாவின், என் அப்பாவின், அக்கா. நான் பள்ளியில் படிக்கும்போதே நைனா இறந்துவிட்டார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே மாமாவும் போய்விட்டார். அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் தனியாக இருந்தாள். சித்தூரைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளில் ஒன்றில் தோல் சீவும் பகுதிக்கு அவள் மேஸ்திரி. சீசன் வந்துவிட்டால் அவள் தெருமுனையில் திரும்பும்போதே பழுத்த தோத்தாபுரி மாம்பழ வாசனை முன்னால் வரும். சீசன் இல்லாத மாதங்களில் பெண்கள் ஐக்கிய சங்கத்தை அதே மேஸ்திரிக் குரலில் நடத்தினாள். அவள் ஜெபம் பண்ணும் விதத்தைச் சபையில் எல்லோரும் நடித்துக் காட்டுவார்கள். ஆண்டவருக்கு எதுவும் தெரியாது என்பதுபோல் முழு விவரமும் சொல்வாள்: எந்தத் தெரு, எந்த ஆஸ்பத்திரி, வலது காலா இடது காலா, டாக்டர் என்ன சொன்னார். யாராவது சிரித்தால், "விலாசம் எழுதாம கவரைப் போட்டா யாரு வீட்டுக்குப் போவும்?" என்று கேட்பாள். என்னை நைனா என்றுதான் கூப்பிடுவாள். தன் அப்பாவையும் அந்தச் சொல்லால்தான் கூப்பிட்டிருப்பாள். அந்தக் குரல் என் காதில் எப்போதும் பாதி அதட்டலாகவும் பாதி கெஞ்சலாகவும் விழும்.

நான் அப்போது திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தின் இசைத் துறையில் எம்.ஏ. முதல் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். முக்கியப் பாடம் வயலின். சித்தூரில் ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்குப் பின்னால் வாசித்தே வளர்ந்தவன் நான். படிப்பில் சேர்ந்த பிறகும் சனிக்கிழமை மாலை பஸ் பிடித்து வந்து, காலைத் தமிழ் ஆராதனையில் வாசித்துவிட்டு, தெலுங்கு ஆராதனை தொடங்கும் நேரத்தில் திரும்பிப் போவேன். இசைத் துறை என்றால் வெளியே இருப்பவர்கள் நாள் முழுக்க ஆனந்தமாக இருக்கும் இடம் என்று நினைக்கிறார்கள். அங்கே ஒருவன் விடியுமுன் எழுந்து சாதகம் செய்தால், மற்றவன் அதற்கும் முன்னால் எழுந்திருப்பான். யார் அறையில் எவ்வளவு நேரம் சத்தம் வருகிறது என்று சுவர்கள் வழியாக எல்லோரும் கேட்டுக்கொண்டே இருப்போம். மாதம் ஒரு முறை துறையின் சின்ன அரங்கில் ஆசிரியர்கள் முன்னால் ஒவ்வொருவராக வாசிக்க வேண்டும். அதற்கு முந்தைய நாட்களில் ஹாஸ்டல் மெஸ்ஸில் பாதித் தட்டுகள் அப்படியே திரும்பும். ஆனால் எங்கள் துறையில் யாருக்கும் மனம் சரியில்லாமல் போனதே இல்லை. வாய்ப்பாட்டுக்காரர்களுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். மிருதங்கக்காரர்களுக்கு மணிக்கட்டு வீங்கும். வீணைக்காரர்களுக்கு விரல் நுனி வெடிக்கும். எந்த உறுப்பால் பிழைக்கப்போகிறோமோ அந்த உறுப்பில் நோய் வந்தால் மரியாதை. அக்கறையாக விசாரிப்பார்கள், தைலம் கொண்டுவந்து கொடுப்பார்கள். வேறெங்கும் நோய் வந்தால் அது சோம்பல்.

எனக்கு எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. சங்கராந்தி விடுமுறைக்குப் பிறகு என்பது என் நினைவு. கிறிஸ்துமஸுக்கே நான் சரியாக இல்லை, ஆராதனையில் வாசித்துவிட்டு யாரோடும் பேசாமல் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன் என்கிறாள் அம்மா. அவள் சொல்வதே சரியாக இருக்கும். முதலில் வில் நடுங்கியது. வேகமான இடங்களில் இல்லை; நிறுத்தி நீளமாக இழுக்க வேண்டிய ஷட்ஜத்தில். பிறகு பெட்டியைத் திறக்கவே கை போகவில்லை. காலையில் கைப்பேசியில் தம்புரா செயலியைப் போட்டுவிட்டுக் கட்டிலில் படுத்துக்கொள்வேன். பக்கத்து அறை மிருதங்கத்துக்கு நடுவே என் வயலின் கேட்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. சுருதி ஓடிக்கொண்டிருந்தால் உள்ளே ஒருவன் உழைக்கிறான் என்று அர்த்தம். நாள் முழுக்க அந்தச் சுருதி ஓடும். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. மெஸ்ஸுக்குப் போனால் யாராவது, "ரொம்ப சாதகம் பண்றே போல" என்பார்கள். அந்தப் பாராட்டைக் கேட்டுக்கொண்டு நின்ற வெட்கம் இன்னும் முகத்தில் சுடுகிறது.

என்னைக் கண்டுபிடித்தவன் ஒரு வகுப்புத் தோழன். திருப்பதிக்காரன், கோயில் கைங்கரியத்தில் இருக்கும் ஐயங்கார் குடும்பம், வாய்ப்பாட்டு மாணவன். திருப்பதி வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு வருவான். தொண்டையில் ஏதோ பிரச்சினை, டாக்டர் பாடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்பது துறை முழுக்கத் தெரிந்த செய்தி. ஒரு மத்தியானம் என் அறைக்கு வந்து, ஓடிக்கொண்டிருந்த சுருதியை நிறுத்தினான். மஃப்ளரை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான்.

"நேக்குத் தொண்டைல ஒண்ணும் இல்லடா," என்றான். "ஒன் கையிலயும் ஒண்ணும் இல்ல. வா, நான் போற டாக்டர்ட்டயே போலாம்."

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்த மனநல மருத்துவரின் கிளினிக் இருந்தது. தெலுங்குக்கார அம்மா. நான் என் விரல்களைப் பற்றியும் வில் நடுக்கத்தைப் பற்றியும் விரிவாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "நித்ர படுத்துந்தா, பாபு?" என்று மட்டும் கேட்டார். தூக்கம் வருகிறதா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன். மாத்திரை எழுதினார். படிப்பை நிறுத்தி வைத்துவிட்டு வீட்டுக்குப் போ, ஜூலையில் புது வகுப்போடு சேர்ந்துகொள், அதற்குத் துறையில் கொடுக்க நான் சான்றிதழ் தருகிறேன் என்றார். வீட்டில் ஒருவருக்காவது உண்மை தெரிந்தாக வேண்டும் என்றும் சொன்னார். அந்த ஒருவர் அம்மா.

அம்மா பள்ளி ஆசிரியை. மாத்திரை அட்டைகளை வாங்கிப் பார்த்தாள், பெயரைப் படித்தாள், பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். வேளாவேளைக்கு அவளே எடுத்துக் கொடுப்பாள். அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது: கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? "உனக்கு யாரு வேலை குடுப்பாங்க, யாரு பொண்ணு குடுப்பாங்க?" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். முதல் ஞாயிறே கேள்வி வந்துவிட்டது. பாடகர் குழுவில் என் நாற்காலி காலியாக இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். ஆராதனை முடிந்ததும் அத்தை நேராக வீட்டுக்கு வந்தாள். புது மாத்திரையால் எனக்கு அன்று குமட்டிக்கொண்டிருந்தது. அவள் உள்ளே நுழைந்தபோது நான் கொல்லையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு வேறு யோசிக்க நேரம் இல்லை. "வயிறு சரியில்ல அண்ணி, புண்ணு இருக்குதாம்," என்றாள். அவ்வளவுதான் நடந்தது. அத்தை அன்று மாலையே சபை அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு நான் வயிற்றுப்புண்காரன்.

அத்தை எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். காலையில் மணத்தக்காளிக் கீரை வந்துவிடும். பதினொரு மணிக்கு மோர். மிளகாய் என்ற பேச்சே எங்கள் சமையலறையில் கூடாது. வந்ததும் குழம்புச் சட்டியைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள். என் பொருட்டு அம்மாவும் மாதக்கணக்கில் பத்தியச் சாப்பாடு சாப்பிட்டாள். ஒரு நாள் தாங்க முடியாமல் வேலூர் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் மிளகாய் பஜ்ஜி வாங்கித் தின்றேன். பல நாட்களுக்குப் பிறகு ஒரு பண்டத்தின் ருசி எனக்குத் தெரிந்தது அன்றுதான். உடம்பு தேறுகிறது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம், ஆனால் அதை யாரிடமும் சொல்ல முடியாது. சபைக்காரர் ஒருவர் பார்த்து அத்தையிடம் சொல்லிவிட்டார். அவள் என்னைத் திட்டவில்லை. கீரையை வைத்துவிட்டு, "நாக்கு கேக்கும்டா, தெரியுது. கொஞ்சம் பொறுத்துக்கோ நைனா, நான் பாத்துக்கறேன்," என்றாள். அவள் பார்த்துக்கொண்டது எப்படி என்றால், வெள்ளிக்கிழமை உபவாசத்தில் தன்னோடு இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டாள்.

லெந்து காலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் சபையில் பலர் சாயங்காலம் வரை உபவாசம் இருப்பது வழக்கம்தான். ஈஸ்டரோடு அது முடியும். அத்தை முடிக்கவில்லை. எனக்குச் சுகமாகும்வரை வெள்ளிதோறும் பச்சைத் தண்ணீர் மட்டும் என்று பொருத்தனை செய்திருந்தாள். மே மாதம் பிறந்தது, மாங்காய் வரத் தொடங்கியது. ஆலையில் சீவும் பகுதியில் நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை. தகரக் கூரை, கூழ் காய்ச்சும் கொதிகலன்களின் ஆவி. நானோ வீட்டில் மின்விசிறியின் அடியில் மோர் குடித்துக்கொண்டிருந்தேன். மாத்திரை வேலை செய்யத் தொடங்கியிருந்தது. காலையில் பல் துலக்கத் தோன்றியது. ஒரு நாள் பெட்டியைத் திறந்து தந்திகளைத் துடைத்தேன். நான் தேறத் தேற அத்தை இளைத்துக்கொண்டு வந்தாள். வளையல் முழங்கை வரை ஏறியது. ஜூன் மாதத்து வெள்ளி ஒன்றில் அவள் ஆலையில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். தலைமுடியிலும் கழுத்திலும் மாம்பழச் சாறு காய்ந்து ஒட்டியிருந்தது. அம்மா சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தாள். அத்தை வாயை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். வெயில் இன்னும் இறங்கவில்லை.

நான் பக்கத்தில் உட்கார்ந்து குடிக்கச் சொன்னேன். எனக்கு நன்றாகிவிட்டது, விட்டுவிடு என்றேன்.

"நல்லாயிடுச்சுன்னா கோயில்ல எழுந்து நின்னு சொல்லு," என்றாள். "நீ சாட்சி சொன்னப்புறம்தான் நான் வெள்ளிக்கிழமை துன்னுவேன். அதுவரைக்கும் என்னை யாரும் கேக்கக் கூடாது."

சுகம் கிடைத்தவர் ஆராதனையில் முன்னால் வந்து, இன்ன நோய் இருந்தது, இன்ன விதமாய் நீங்கியது என்று சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை வைப்பது எங்கள் வழக்கம். அந்த வழக்கத்துக்குப் பயந்துதான் நான் தேறியதையே மறைத்துக்கொண்டிருந்தேன். வராத நோய்க்கு நன்றி சொல்ல என்னால் முடியாது. வந்த நோயைச் சொல்ல அம்மா விடமாட்டாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண் வெள்ளிக்கு வெள்ளி பட்டினி கிடக்கிறாள். அன்று ராத்திரி அம்மாவும் நானும் ஒரு வழி கண்டுபிடித்தோம். நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம். சுகவீனமாக இருந்தேன், ஜெபித்தீர்கள், சுகமாக இருக்கிறேன். மூன்று வாக்கியம். அதில் பொய் இல்லை. அம்மா என்னை அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கச் செய்தாள்.

ஜூலை மாதத்து ஞாயிறு. காணிக்கைப் பாட்டு முடிந்ததும் போதகர் என்னை அழைத்தார். மைக் முன்னால் நின்றேன். பெண்கள் பக்கம் முன்வரிசையில் அத்தை வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளோடு உபவாசம் இருந்த பெண்கள் இரண்டு பக்கமும். எல்லோரும் மெலிந்த முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மூன்று வாக்கியத்தையும் சொன்னேன். காணிக்கை உறையை வைத்துவிட்டுத் திரும்பப் போன நேரத்தில் அத்தையின் குரல் வந்தது.

"வயிறுன்னு சொல்லு நைனா. இன்னா சொகமாச்சுன்னு சொல்லாம போயிக்கினே இருந்தா எப்பிடி?"

சபையில் சிரிப்பு எழுந்தது. போதகரும் சிரித்தார். அது நல்ல சிரிப்புதான். நான் அவளைப் பார்த்தேன். நான் பேசியது சபையிடம் இல்லை. வீட்டில் கீரைக் கிண்ணத்தை வைத்துவிட்டு அவள் ஏதாவது கேட்டால் எப்படிப் பதில் சொல்வேனோ, அப்படித்தான் சொன்னேன்.

"வயிறு இல்ல அத்தை. வயிறு நல்லாத்தான் இருந்துது. மனசு. திருப்பதில மனசு டாக்டரம்மாகிட்ட மாத்திரை வாங்கித் துன்னுக்கினு இருக்கறேன்."

மைக்கை விட்டு நான் இன்னும் நகர்ந்திருக்கவில்லை. அவள் கேட்டது முன்வரிசைகளுக்கு மட்டும் கேட்டது; நான் சொன்னது வெளியே வேப்பமரத்தடியில் செருப்புப் பார்த்துக்கொண்டிருந்தவர் வரை கேட்டது. சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தையின் வாய் சிரித்த மாதிரியே இருந்தது. கண் மட்டும் இரண்டு பக்கமும் இருந்த பெண்களைப் பார்த்தது. போதகர் சட்டென்று அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். நான் போய் என் நாற்காலியில் உட்கார்ந்து வயலினை எடுத்தேன், வேறென்ன செய்ய. வாசித்தேன்.

வெளியே வந்ததும் ஆண்கள் வழக்கம்போல் தோளைத் தொட்டார்கள். ஆனால் பச்சைக் காயத்தைத் தொடுவதுபோல் தொட்டார்கள். பெரியவர் ஒருவர் அம்மாவிடம், இந்த வியாதி உங்கள் பக்கத்து வழியா, கணவர் பக்கத்து வழியா என்று விசாரித்தார். அம்மா குடையை விரித்துக்கொண்டு வெயிலே இல்லாத தெருவில் நடந்தாள். இதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து வந்த குரல். "ஏங்க்கா, அடுத்த வெள்ளி எதுக்கு வைக்கலாம்? கல்லீரலுக்கா, கிட்னிக்கா?" அத்தை குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். என் நோயைச் சொல்ல வெட்கப்பட்டது போக, அவள் பட்ட வெட்கம் இப்போது என்மேல் வந்து உட்கார்ந்தது. முதல் வெட்கம் மாத்திரையில் குறைந்தது. இது குறையவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் தெரு வழியாக நடந்து போனேன். ஜன்னல் சாத்தியிருந்தது. உள்ளே தாளிக்கும் சத்தமும் மிளகாய் நெடியும் வந்தன. அவள் சாப்பிடுகிறாள். நான் சாட்சி சொன்னது எதற்காகவோ அது நடந்துவிட்டது. கதவைத் தட்டவில்லை.

திருப்பதிக்குத் திரும்பினேன். முதலாண்டில் மறுபடி, என்னைவிடச் சிறியவர்களோடு. பழைய வகுப்பு இரண்டாம் ஆண்டுக்குப் போயிருந்தது. மஃப்ளர் தோழன் மட்டும் அவ்வப்போது அறைக்கு வருவான். முதல் நாளே புதிய பிள்ளைகள் கேட்டார்கள், அண்ணா ஏன் ஒரு வருடம் போய்விட்டது என்று. சித்தூரில் மைக் முன்னால் சொன்னவன் இங்கே சொல்லவில்லை. மருந்துக் கடையில் ஒரு க்ரேப் பாண்டேஜ் வாங்கி இடது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். கேள்விகள் நின்றன. தைலம் வந்தது. ஒரு வீணைக்காரப் பெண் தன் பாட்டி சொன்ன ஒத்தடத்தைப் பற்றி விளக்கினாள். அவள் விரல் நுனிகளிலும் பிளாஸ்திரி இருந்தது. அவற்றின் அடியில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் கடைசியில், சீசன் முடிந்த பிறகு, ஹாஸ்டல் வாசல் காவலர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அத்தை நின்றிருந்தாள், கையில் டிபன் கேரியர். காவலரிடம் தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஏற்கனவே தோற்றுப்போயிருந்தார். மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் பார்வை என் மணிக்கட்டில் விழுந்தது.

"கையில இன்னாடா?"

"ஒண்ணும் இல்ல அத்தை."

அந்தப் பாண்டேஜையே பார்த்தாள். "ஓ," என்றாள். "சித்தூர்ல வயிறு, இங்க கையா?"

அவள் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்குத் தலை நிமிரவில்லை. கட்டை அவிழ்க்கத் தொடங்கினேன். அது நீளமாக வந்துகொண்டே இருந்தது. அவள் அதை வாங்கி மடித்துக்கொண்டே, தன் கணக்கைக் கேட்டாள். இத்தனை வெள்ளி பட்டினி கிடந்தேனே, அது எந்த விலாசத்துக்குப் போச்சு என்றாள். தெரியவில்லை என்றேன். "எனக்கும்தான் தெரியல. பாஸ்டரைக் கேட்டேன், எங்க போய்ச் சேரணுமோ அங்க சேந்துருக்கும்னாரு. அவரு இன்னா போஸ்ட்மேனா?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அந்தப் பெண்கள் இன்னும் கேலி செய்கிறார்களா என்று கேட்டேன். செய்தால் செய்துகொள்ளட்டும், அடுத்த சீசனில் சீவ வருவார்களே, அங்கே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மனசுன்னா எங்கடா நோவும்?" என்று கேட்டாள். ஜெபம் பண்ணுகிறவளுக்கு விவரம் தெரிந்தாக வேண்டும் என்பதுபோல் கேட்டாள்.

எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். விழிப்பு வரும், எழுந்திருக்கத் தோன்றாது. பல் துலக்குவது மலையாகத் தெரியும். பிடித்தது என்று எதுவுமே இருக்காது. யாராவது பேசினால் பதில் சொல்வதற்குள் களைத்துப்போகும். அவள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"பக்கத்துல பேசறது கெணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி கேக்குமே," என்றாள்.

"ஆமா," என்றேன். "உனக்கு எப்படித் தெரியும்?"

"நீதான இப்ப சொன்ன," என்று கேரியரைத் திறந்தாள். மீன் குழம்பு. எண்ணெய் மிதந்தது, மிளகாய் நெடியில் எனக்கு இருமல் வந்தது. "துன்னு, ஆறிடப்போவுது."

கிணற்றைப் பற்றி நான் சொல்லவில்லை. அன்று மாலையே அந்த வாக்கியத்தைத் தேதி போட்டு எழுதி வைத்தேன். அதை நான் சொல்லவில்லை என்றும் பக்கத்தில் எழுதினேன்.

இதெல்லாம் முடிந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. நான் படிப்பை முடித்தேன். சித்தூரில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். மாத்திரையை ஒரு கட்டத்தில் நிறுத்தினார்கள், பிறகு ஒரு முறை திரும்ப ஆரம்பித்தார்கள். இரண்டாவது முறை ஆரம்பித்ததை நான் எந்த மைக்கிலும் சொல்லவில்லை. அம்மாவிடமும் அத்தையிடமும் மட்டும் சொன்னேன். ஆனால் வகுப்பில் ஒரு பிள்ளை கை வலிக்கிறது என்று சொன்னால், தைலம் எடுப்பதற்கு முன் தூக்கம் வருகிறதா என்று கேட்டுவிடுகிறேன்.

சென்ற ஆண்டு, பழைய தாள்களுக்குத் தேதி கண்டுபிடிக்கும் வேலையாக, அத்தையோடு ஆலையில் வேலை பார்த்த ஒரு வயதான அம்மாவைப் பக்கத்து ஊரான குடிபாலாவில் பார்க்கப் போனேன். சபையில் நடந்த பழைய கல்யாணங்களின் ஆண்டுகளை அவர் ஆலையின் சீசன்களை வைத்து நினைவு வைத்திருக்கிறார். பேச்சுவாக்கில், மாமா இறந்ததற்கு அடுத்த சீசன் முழுக்க அத்தை வேலைக்கே வரவில்லை என்றார். வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டும் எழுந்து வரவில்லையாம். கேட்டவர்களுக்கு மூட்டு வலி என்று சொன்னார்களாம். அந்த ஆண்டின் தாள்கள் சபையில் இல்லை. கரையானில் போனவற்றில் அதுவும் ஒன்று. என் அம்மாவைக் கேட்டேன், அப்போது தனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றாள்.

கடைசியில் அத்தையையே கேட்டேன். அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது. மொட்டை மாடியில் வடகம் காயப் போட்டுவிட்டு, படிகளில் என்னைவிட வேகமாக இறங்கி வந்துகொண்டிருந்தாள். அந்தச் சீசனில் உனக்கு என்ன ஆயிற்று என்றேன். கடைசிப் படியில் நின்று என்னைப் பார்த்தாள். அன்றைக்கு யாராவது உனக்காக உபவாசம் இருந்தார்களா என்றும் கேட்டேன்.

"எதுக்குடா இப்ப அது? எழுதறதுக்கா?"

ஆமாம் என்றேன்.

"மூட்டு வலின்னே எழுதிக்கோ," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அப்படியே எழுதியிருக்கிறேன்: மாமா இறந்ததற்கு அடுத்த மாங்காய் சீசன், மூட்டு வலி, அவள் சொன்னபடி. அது மூட்டு வலிதானா என்பது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.